மீனுக்குத் தேக்குக் கூரை

கல்முனைக் கடலில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு, இலவசம். நம்ம ஹாஜியாரோ பக்கெட் உப்பைக் காசு கொடுத்து வாங்கி, பைப் தண்ணீரில் கரைத்துக் கோமாளி மீன் வளர்க்கிறார். இப்போது தொட்டிக்குத் தேக்கில் மூடி வேண்டுமாம், பூவேலைப்பாட்டோடு.

ஓடாவியார் அளவெடுத்தார். "ஹாஜியார், இரும்புப் பிணைச்சல் போட்டா உப்பு தின்னுடும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் சரி. உள்பக்கம் எபொக்சி பூசணும், இல்லாட்டி மரம் ஊதிடும். பின்னால காத்தோட்டம் வைக்காட்டி லைட் சூட்டில மீன் வெந்திடும்."

"வெந்தா ஆணத்துக்காச்சும் உதவும்" என்று குசினியிலிருந்து குரல் வந்தது. "மூடி முடிஞ்சா ஓடாவியார இங்கால அனுப்புங்க. மழை பெஞ்சா இந்தக் கூரைக்குக் கீழ நானும் மீன்தான்."

ஹாஜியார் தேக்குக்கு முற்பணம் கொடுத்தார். குசினிக் கூரைக்கு இன்ஷா அல்லாஹ் சொன்னார்.