ருமேனியாவுக்கு வெளிக்கிட முதல்

வன்னியில் இப்போது ருமேனியாப் பேச்சு அடிபடாத தேநீர்க்கடை குறைவு. வருகிற கேள்விகளும் அதையேதான் சுற்றுகின்றன. ஆகவே இந்த முறை ஒரே நாடு.

அண்ணை, தையல் தொழிற்சாலையில் வேலை, மாதம் நாலாயிரம் லெய் சம்பளம் என்று ஏஜென்ட் சொல்கிறார். காணி அனுமதிப் பத்திரத்தை ஈடு வைத்துக் காசு புரட்டலாமா? (பரந்தன்)

தம்பி, நாலாயிரம் லெய் என்பது வெட்டுக்கு முந்திய கணக்கு. 2025 தொடக்கத்தில் அந்த நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 4,050 லெய்தான். அதில் ஓய்வூதியத்துக்கு 25 வீதம், மருத்துவக் காப்புறுதிக்கு 10 வீதம், மிச்சத்தில் வருமான வரி 10 வீதம் போகும். 100 லெய் உழைத்தால் கைக்கு வருவது 60 அளவில். "வெட்டுப்போக எவ்வளவு, தங்குமிடமும் சாப்பாடும் யார் செலவு?" என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

வேலை அனுமதியை முதலாளிதான் அங்குள்ள குடிவரவுத் திணைக்களத்தில் உங்கள் பெயருக்கு எடுக்க வேண்டும். அது வந்த பிறகுதான் விசா. "விசிட் விசாவில் போ, அங்கே மாற்றலாம்" என்பவரின் படலையைத் தாண்டி உள்ளே போகாதீர்கள். முகவர் நிலையத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989 என்ற இலக்கத்தில் கேட்கலாம். ருமேனியா போகிறவருக்கு மறக்க முடியாத இலக்கம் அது. ஏன் என்று கீழே வரும்.

அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலரின் சம்மதம் இல்லாமல் யாருக்கும் ஈடு வைக்கச் சட்டம் இடந்தராது. இரகசியமாக வைத்தால் பிறகு வழக்குப் பேசவும் வழியிராது. நாலைந்து முறை இடம்பெயர்ந்தும் பொலித்தீன் பையில் சுற்றி மார்போடு அணைத்துக் காப்பாற்றிய கடதாசி அல்லவா அது? பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

டிராகுலா உண்மையிலேயே அந்த நாட்டுக்காரனா? (புதுக்குடியிருப்பு, பள்ளி மாணவி)

பதினைந்தாம் நூற்றாண்டில் வலாக்கியாவை ஆண்ட விளாட் என்ற கொடூரமான அரசன் உண்மை. இரத்தம் குடிக்கும் பிரபு, ருமேனியாப் பக்கமே போகாத அயர்லாந்துக்காரர் பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய கதை. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்று நுண்கடன் வட்டி கறந்தவர்களை உங்கள் அம்மாமார் பார்த்துவிட்டார்கள். டிராகுலாவுக்குப் பயப்பட வேண்டாம், பிள்ளை.

ஐரோப்பிய நாடொன்றுக்கு ஆள் பற்றாக்குறை எப்படி வந்தது? (முள்ளியவளை, ஆசிரியர்)

எங்களைப் போல அவர்களும் வெளிக்கிட்டுப் போய்விட்டார்கள், ஐயா. நிலப்பரப்பில் இலங்கையைவிட மூன்றரை மடங்கு பெரிய நாடு. 1990இல் 2 கோடி 32 இலட்சம் பேர் இருந்தார்கள். 2021ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கில் 1 கோடி 90 இலட்சம். எங்கள் முழு நாட்டையும்விடக் குறைவு. 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் சனம் பெருக்கெடுத்தது. தாய் ரோமில் ஒரு கிழவியைப் பராமரிப்பாள், அவளுடைய பிள்ளையை ஊரில் இன்னொரு கிழவி பராமரிப்பாள். தாய்மார் குவைத்துக்கும் சவூதிக்கும் போன எங்கள் கிராமங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் 2022 முதல் 2025 வரை ஆண்டுக்கு ஒரு இலட்சம் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு இடம் திறந்தார்கள்.

கடனைக் கட்டாமல் எங்கள் நாடு விழுந்தது. கடனைக் கட்டியே விழுந்த நாடு ருமேனியா என்கிறார்களே? (வவுனியா)

சரியாகத்தான் சொல்கிறார்கள். இலங்கை 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. ருமேனியாவை ஆண்ட சௌசெஸ்கு நேரெதிர் வழி போனார். 1965 முதல் ஆட்சியில் இருந்த அவர், எண்பதுகளில் ஏறத்தாழ ஆயிரம் கோடி டொலர் கடனை ஒரு சதமும் மிச்சம் வைக்காமல் அடைப்பதென்று பிடிவாதமாக நின்றார். நாட்டில் விளைந்த இறைச்சியும் தானியமும் கப்பல் ஏறின. விளைவித்தவர்கள் பாணுக்குப் பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்றார்கள். ஒரு அறைக்கு 40 வாட் பல்பு. தொலைக்காட்சி நாளுக்கு இரண்டு மணித்தியாலம், அதிலும் பெரும்பகுதி தலைவர் புராணம். பனி கொட்டும் மாரியில் வீடுகளுக்கு வெப்பமூட்டல் சொற்பம். பிள்ளைகள் கோட்டோடு படுத்தார்கள்.

பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, அந்த வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்த தலைமுறை எங்களிடம் இருக்கிறது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களும் இருக்கிறார்கள். அந்த 40 வாட் பல்பின் மங்கல் எங்கள் சனத்துக்கு வாசிக்காமலே விளங்கும். ஒரு வித்தியாசம்: எங்கள் இருட்டு போர் கொண்டுவந்தது, அவர்களுடையது கணக்குப் புத்தகம் கொண்டுவந்தது.

1989 இளவேனிலில் கடன் முழுக்க அடைந்தது. அதே ஆண்டு டிசம்பர் நடுவில் திமிஷோவாரா நகரில், லாஸ்லோ தோக்கெஷ் என்ற ஹங்கேரிய இனப் பாதிரியாரை வீட்டைவிட்டு எழுப்ப அரசு வந்தது. அவரைக் காக்க முதலில் கூடியவர்கள் அவருடைய சபையினர். பிறகு ருமேனியரும் வந்து தோளோடு தோள் நின்றார்கள். சிறுபான்மைப் பாதிரியார் ஒருவரின் வீட்டு வாசலில் பெரும்பான்மைச் சனம் வந்து நின்ற அந்த இரவை நான் வியந்து வியந்து வாசித்திருக்கிறேன். இங்கே அப்படி ஒரு இரவு வாய்த்திருந்தால் எங்கள் கதையே வேறாகியிருக்கும். 22ஆம் திகதி சௌசெஸ்கு ஹெலிகொப்டரில் ஓடினார். 25ஆம் திகதி அவரும் மனைவியும் சுடப்பட்டார்கள். அந்த நாட்களில் மாண்ட பொதுமக்களும் படையினரும் ஆயிரத்துக்கு மேல். பணியகத்தின் இலக்கம் இனி மறக்காது என்று நம்புகிறேன்.

எங்கள் ஆட்களை அங்கே மனிதராக நடத்துவார்களா? இவர் போக நிற்கிறார், எனக்கு நித்திரை இல்லை. (கிளிநொச்சி, ஒரு மனைவி)

தங்கச்சி, உங்களை ஆறுதல்படுத்த மட்டும் எழுதினால் அது துரோகம். திரான்சில்வேனியாவில் டிட்ராவ் என்று ஒரு ஊர். 2020 ஜனவரியில் அங்குள்ள பேக்கரிக்கு உள்ளூரில் ஆள் கிடைக்காமல் இரண்டு இலங்கையரை எடுத்தார்கள். ஊர் கொதித்தது. தேவாலயத்தில் கூட்டம், கையெழுத்து, பாதிரியார் முன்னே நடக்க ஊர்வலம். வேலை போகவில்லை, ஆனால் அந்த இரண்டு பேரின் தங்குமிடம் வேறு ஊருக்கு மாறியது. கிறிஸ்டியான் முன்ஜியு 2022இல் எடுத்த 'ஆர்.எம்.என்.' படத்துக்கு இந்தச் சம்பவமே விதை.

டிட்ராவ் சனம் ருமேனியர் அல்ல, ஹங்கேரிய மொழி பேசுபவர்கள். 1920 திரியனோன் ஒப்பந்தம் எல்லைக்கோட்டை நகர்த்தியதால், வீட்டு வாசலைத் தாண்டாமலே வேறு நாட்டுக்காரரானவர்கள். மொழிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தலைமுறை தலைமுறையாக வாதாடியவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் மேற்கு ஐரோப்பாவில் கூலி வேலை செய்கிறார்கள். அப்படிப்பட்ட ஊர் மாப் பிசைய வந்த இரண்டு பேரைக் கண்டு மிரண்டது. நொந்த சனம் இன்னொருவரை நோகடிக்காது என்று நம்ப எல்லோருக்கும் ஆசை. 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் விரட்டப்பட்ட மண்ணிலிருந்து எழுதுகிறேன்; டிட்ராவை நோக்கிக் கல்லெறிய என் கை எழாது.

அந்த இருவருக்காகப் பேசிய ருமேனியரும் ஹங்கேரியரும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கணவர் போவது எந்த ஊர், அந்தத் தொழிற்சாலையில் எங்கள் ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்களா, அவர்களில் ஒருவரோடு தொலைபேசியில் பேசலாமா? இந்த மூன்றும் தெரியாமல் விமானச்சீட்டு எடுக்க விடாதீர்கள்.

அங்கே கமம் உண்டா? (வட்டக்கச்சி, கமக்காரர்)

உண்டா என்றா கேட்கிறீர்கள்! கோதுமை, சோளம், சூரியகாந்தி. கிராமத்துச் சாப்பாடு சோளமாவில் கிண்டிய களி. ஐரோப்பிய ஒன்றியத்துக் கமங்களில் மூன்றில் ஒன்று ருமேனியாவில்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவை பன்னிரண்டு ஏக்கருக்கு உட்பட்ட துண்டுகள். 1949இலிருந்து 1962 வரை அரசு காணிகளைப் பறித்துக் கூட்டுப்பண்ணை ஆக்கியது. 1991இல் சட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தது. பெற்றவர்கள் வயது போனவர்கள், துண்டுகளோ சிதறிக் கிடந்தன, உழவு இயந்திரம் இல்லை, பிள்ளைகள் இத்தாலியில். பெரும் கம்பனிகள் குத்தகைக்கு அள்ளிக்கொண்டன.

2017இல் பிலக்குடியிருப்புச் சனம் ஒரு மாதம் வீதியோரம் குந்தியிருந்து படையினரிடமிருந்து காணியை மீட்டது. மீண்ட காணியில் யார் இறங்கி உழுவது என்பது ருமேனியாவில் முப்பது வருடமாக இருக்கும் கேள்வி. இரணைமடுவில் தண்ணி நிறைந்திருக்கிற வருடத்தில் அந்தக் கேள்வி இங்கே வரக்கூடாது. உங்கள் மகனுக்கு விதைநெல்லுக்கும் உரத்துக்கும் நியாய வட்டியில் கடன் கொடுக்க ஒரு வங்கி முன்வந்தால், ஏஜென்டுக்கு அவன் கட்டப்போகும் காசில் பாதியே போதும் என்பது என் கணிப்பு. கமக்கார அமைப்புக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள்.

மகன் தை மாதம் புக்காரெஸ்ட் போகிறான். என்ன கட்டிக் கொடுக்கட்டும்? (மல்லாவி, ஒரு தாய்)

தையில் அங்கே குளிர் உறைநிலைக்குக் கீழே. பருத்திச் சேட்டு அடுக்காமல் உள்ளே போடும் வெப்ப உடுப்பும் நல்ல சப்பாத்தும் வாங்குங்கள். வறுத்த மிளகாய்த்தூளை இரண்டு பையாகக் கட்டி நன்றாக ஒட்டுங்கள். வேலை ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றும் கடவுச்சீட்டின் பிரதி ஒன்றும் உங்களிடம் இருக்கட்டும். மாரியில் அங்கே நேரம் எங்களைவிட மூன்றரை மணித்தியாலம் பிந்தி. இரவு பத்தரைக்கு எடுத்தால் அவனுக்கு ஏழு மணி, வேலை முடிந்து வந்திருப்பான். "சாப்பிட்டியா?" என்பதோடு "சம்பளத் துண்டு தந்தவையா?" என்றும் கேளுங்கள்.