ஓட்டு யாருடையது, பெட்டி யாருடையது?

தெற்கு சூடானைப் பற்றிச் சென்ற முறை போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். தருமபுரி மாவட்டம் அதை விடுவதாக இல்லை. ஆகவே இம்முறை முழுக்க அந்த மாவட்டத்துக் கடிதங்களுக்கே.

பென்னாகரம் வாசகர்

கே: 2010 இடைத்தேர்தலில் ஓட்டுப் போட்டது மட்டும்தான் நாங்கள். தெருத்தெருவாகச் சுற்றியது எல்லாம் வெளியூர் வேட்டிகள். 2011ல் தெற்கு சூடான் பிரிந்ததும் இந்த மாதிரிதானா?

ப: பாதி சரி. ஜனவரி 9 முதல் 15 வரை வாக்கெடுப்பு நடந்தது. பிரிவினைக்கு 98.83 சதவீதம். ஒற்றுமைக்கு விழுந்த ஓட்டு 45 ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. இரண்டு நீண்ட உள்நாட்டுப் போர்களைப் பார்த்தவர்கள் அவர்கள். இரண்டாவதில் மட்டும் சுமார் 20 லட்சம் பேர் மாண்டிருப்பார்கள் என்பது பொதுவான கணிப்பு. எந்த வெளியூர் வேட்டி வந்து அவர்களுக்கு என்ன பாடம் எடுக்க முடியும்?

வெளியூர்க்காரர்கள் இல்லாவிட்டால் வாக்குச்சாவடியே வந்திருக்காது என்பதுதான் மீதிப் பாதி. 2005 ஜனவரி 9 அன்று கையெழுத்தான அமைதி ஒப்பந்தத்தில்தான் வாக்கெடுப்புக்கு வாக்குறுதி இருந்தது. பேச்சுவார்த்தையை நடத்தியது கென்யா. பின்னாலிருந்து தள்ளியவை அமெரிக்கா, பிரிட்டன், நார்வே. வாக்குச்சீட்டு அச்சானதுகூட பிரிட்டனில்தான்.

பாலக்கோடு தக்காளி மண்டி வியாபாரி

கே: லாபம் இல்லாமல் அமெரிக்கா அவ்வளவு தூரம் போகுமா? எண்ணெய்தானே சமாச்சாரம்?

ப: எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கணக்குத்தான் இடிக்கிறது. 1970களில் அங்கே எண்ணெயைக் கண்டுபிடித்தது அமெரிக்காவின் செவ்ரான். போர் வந்ததும் அது கழன்றுகொண்டது. பிறகு 1997ல் அமெரிக்காவே போட்ட பொருளாதாரத் தடையால் அந்நாட்டு நிறுவனம் எதுவும் உள்ளே நுழைய வழியில்லாமல் போனது. எண்ணெயை இறைத்தவர்கள் வேறு ஆட்கள்.

வாஷிங்டனின் அக்கறைக்கு உள்ளூர்க் காரணங்கள் உண்டு. கிறிஸ்தவத் தெற்கை முஸ்லிம் வடக்கு நசுக்குகிறது என்று அங்குள்ள சுவிசேஷச் சபைகள் ஆண்டுக்கணக்காகப் பிரசாரம் செய்தன. அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் ஓட்டு வங்கியே அவைதான். போதாக்குறைக்கு, ஒசாமா பின்லேடனுக்கு 1991 முதல் 1996 வரை இடம் கொடுத்த ஊர் சூடான் தலைநகர் கார்ட்டூம். தெற்கின் தலைவர் சல்வா கீர் தலையிலிருந்து இறக்காத கறுப்புத் தொப்பியும் புஷ் கொடுத்ததுதான்.

கார்ட்டூமுக்கும் ஆசை காட்டினார்கள். வாக்கெடுப்பை ஒழுங்காக நடத்தினால் பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நாடுகளின் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கிறோம் என்றார்கள். பெயர் எடுபட்டது 2020 டிசம்பரில்! அன்றைய சூடான் அதிபர் பஷீர் உங்களிடம் யோசனை கேட்டிருந்தால், சரக்கை இறக்குவதற்கு முன் காசை வாங்கச் சொல்லியிருப்பீர்கள்.

காரிமங்கலம் வாசகர்

கே: அந்த 'வேறு ஆட்கள்' யார்? சீனாதானே?

ப: முக்கியமாக சீனா. பெரிய எண்ணெய்க் கூட்டு நிறுவனத்தில் சீனத் தேசிய பெட்ரோலியக் கழகத்துக்கு 40 சதவீதம், மலேசியாவின் பெட்ரோனாஸுக்கு 30. அடுத்த 25 சதவீதம் யாருடையது? நம் ஓ.என்.ஜி.சி. விதேஷுடையது. மனித உரிமை அமைப்புகளின் நெருக்கடி தாங்காமல் கனடாவின் டாலிஸ்மன் விற்றுவிட்டு ஓடிய பங்கு அது. 2003ல் நாம் வாங்கிப் போட்டோம்.

எண்ணெயில் முக்கால் பங்கு தெற்கில், குழாயும் துறைமுகமும் வடக்கில். கார்ட்டூமின் தோளில் கை போட்டிருந்த சீனா 2008லேயே தெற்கின் ஜூபாவில் துணைத் தூதரகம் திறந்து இன்னொரு கையை நீட்டிவிட்டது. 2011 ஜூலை 9 சுதந்திர விழாவுக்கு நம் அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ஹமீத் அன்சாரி போய் வாழ்த்திவிட்டு வந்தார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அமெரிக்காவை மட்டும் திட்டி எழுதுகிற நம் ஊர்க் கட்டுரைகளில் இந்த 25 சதவீதம் ஏனோ வருவதே இல்லை.

அரூர் வாசகி

கே: எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் உள்ள நாடாமே. எப்படி ஓட்டுப் போட்டார்கள்?

ப: படம் பார்த்துத்தான். கோத்த இரு கைகள் என்றால் ஒற்றுமை, விரித்த ஒற்றைக் கை என்றால் பிரிவு. படம் பார்த்துப் போடுவது நம் பக்கத்துக்கும் புதிதல்ல. இலங்கையில் 1982 டிசம்பர் 22 அன்று ஜனாதிபதி ஜெயவர்த்தனா அப்படி ஒரு வாக்கெடுப்பு நடத்தினார். விளக்குக்குப் போட்டால் தேர்தல் இல்லாமலே பழைய நாடாளுமன்றம் இன்னும் ஆறு ஆண்டு ஓடும், குடத்துக்குப் போட்டால் ஓடாது. விளக்கு ஜெயித்தது. அடுத்த ஜூலையில் கொழும்பு எரிந்தது.

தருமபுரி கல்லூரி மாணவி

கே: சூடானில் வாக்கெடுப்பு வாங்கிக்கொடுத்த அதே நார்வேதான் 2002ல் ஈழத்திலும் சமரசம் பேசியது. இங்கே மட்டும் ஏன் நடக்கவில்லை?

ப: இந்த வாரத்தின் சிறந்த கேள்வி. நார்வே தபால்காரர். தபால்காரர் ஒருவரே, கடிதம் எழுதியவர்கள் வேறு.

சூடானில் அமெரிக்காவின் பயங்கரவாதப் பட்டியலில் இருந்தது அரசாங்கம். இலங்கையில் அப்படியொரு பட்டியலில் இருந்தது போராளி இயக்கம். இந்தியா 1992லும் அமெரிக்கா 1997லும் புலிகளைத் தடை செய்தாயிற்று. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியமும் சேர்ந்துகொண்டது. பேச்சுவார்த்தை மேசையில் யார் பக்கம் நாற்காலி உயரம் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

அக்கம்பக்கத்தையும் பாருங்கள். கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா மூன்றும் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு வகையில் தெற்கு சூடானுக்குக் கை கொடுத்தவை. ஈழத்துக்கு உள்ள பக்கத்து நாடு ஒன்றே ஒன்று. அது போராளிகளுக்குப் பயிற்சி தந்தது, பிறகு அவர்களோடு போரிட்டது, தனிநாட்டை மட்டும் எந்தக் கட்டத்திலும் ஏற்கவில்லை. காஷ்மீர் விஷயத்தில் 'வாக்கெடுப்பு' என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் டெல்லி, யாழ்ப்பாணத்துக்கு மட்டும் பெட்டி அனுப்புமா?

தவிர, 2002 ஜூலையில் மச்சாகோஸ் என்ற கென்ய ஊரில் தெற்கின் சுயநிர்ணய உரிமைக்குக் கார்ட்டூமே கையெழுத்துப் போட்டது. கொழும்பு அப்படி ஒரு காகிதத்தைத் தொட்டதுகூட இல்லை. 1983ல் வந்த ஆறாவது திருத்தப்படி அங்கே பிரிவினையை ஆதரிப்பதே குற்றம்.

பாப்பாரப்பட்டி வாசகர்

கே: கொழும்பு எந்த வாக்கெடுப்புக்குமே ஒப்புக்கொண்டதில்லையா? ராஜீவ் ஒப்பந்தத்தில் ஏதோ இருந்ததாக நினைவு.

ப: நல்ல நினைவாற்றல். சுப்பிரமணிய சிவா ஊர் ஆயிற்றே!

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் கையெழுத்திட்டார்கள். வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக இணைப்பது, இணைந்தே இருப்பதா வேண்டாமா என்று 1988 டிசம்பர் 31க்குள் கிழக்கு மாகாண மக்களிடம் கேட்பது என்று ஏற்பாடு. தனிநாட்டுக்கான வாக்கெடுப்பு இல்லை இது. ஆனாலும் இலங்கைத் தமிழர் எதிர்காலம் பற்றி இரண்டு அரசுகள் எழுத்தில் ஒப்புக்கொண்ட வாக்கெடுப்பு இது ஒன்றுதான். சாதாரணப் பெரும்பான்மை போதும். கண்காணிக்கத் தலைமை நீதிபதி தலைமையில் குழு. எல்லாம் கச்சிதம். கூடவே ஒரு சின்ன வரி: ஜனாதிபதி தம் விருப்பப்படி வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கலாம்.

தள்ளிவைத்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் தள்ளினார்கள். 2006 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்றது. 2007 ஜனவரி 1 முதல் மாகாணங்கள் மறுபடி இரண்டு.

அதே நாளில் இரு தலைவர்களும் மாற்றிக்கொண்ட கடிதங்களையும் பாருங்கள். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்கு எதிராக எந்த நாட்டின் ராணுவத்துக்கும் தரக்கூடாது. அங்குள்ள எண்ணெய்த் தொட்டிகளைச் சீரமைப்பதை இரு நாடுகளும் கூட்டாகச் செய்ய வேண்டும். இலங்கையிலுள்ள வெளிநாட்டு வானொலி நிலையங்களை ராணுவ, உளவு வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது. எண்ணெய்த் தொட்டிகள் 2003ல் இந்தியன் ஆயிலின் இலங்கை நிறுவனத்திடம் வந்தன, 2022 ஜனவரியில் அதற்குப் புது ஒப்பந்தமும் போட்டாயிற்று. வாக்கெடுப்பு மட்டும் 1988லேயே நிற்கிறது. டெல்லி எதை விடாமல் கேட்டது, எதைக் கேட்காமல் விட்டது என்று தனியாக வேறு எழுத வேண்டுமா?

மொரப்பூர் வாசகர்

கே: தமிழக சட்டமன்றமே தீர்மானம் போட்டதே?

ப: போட்டது. 2013 மார்ச் 27. மாணவர் போராட்டம் சூடாக இருந்த நேரம். இலங்கைத் தமிழரிடமும் புலம்பெயர்ந்தோரிடமும் தனி ஈழம் பற்றி வாக்கெடுப்பு நடத்த ஐ.நா. பாதுகாப்பு அவையில் இந்தியா தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்றார் ஜெயலலிதா. சென்னையில் ஒருமனதாக நிறைவேறியது. வெளியுறவு டெல்லியின் பாடு. அங்கே அது கோப்பில் ஏறியது. இறங்கவில்லை.

நல்லம்பள்ளி வாசகர்

கே: நம் பக்கத்தில் வெளிநாட்டு வல்லரசு மரியாதையாக ஓட்டுக்குக் கட்டுப்பட்டது உண்டா?

ப: புதுச்சேரி. 1954 அக்டோபர் 18, கீழூர். 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170, வேண்டாம் என 8. நவம்பர் 1 அன்று பிரெஞ்சு நிர்வாகம் மூட்டை கட்டியது. வாக்களித்தவர்கள் மக்கள் பிரதிநிதிகள்தான், மக்கள் அல்ல. பிரான்சுக்கும் அப்போது மனம் சரியில்லை, அந்த மே மாதம்தான் வியத்நாமின் தியன் பியன் பூவில் தோற்றிருந்தது. அப்படியும் சட்டப்படி ஊரைத் தர 1962 ஆகஸ்ட் வரை இழுத்தார்கள்.

தருமபுரி நகர வாசகர்

கே: நம் மாவட்டத்தை யாராவது எப்போதாவது கேட்டார்களா?

ப: 1792ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு சுல்தான் நம் மாவட்டம் அடங்கிய பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். கேப்டன் ரீடும் தாமஸ் மன்றோவும் வந்து ஏழு ஆண்டு நிலத்தை அளந்தார்கள், வரியைக் கணக்கிட்டார்கள். மக்களின் விருப்பத்தை அளக்கச் சங்கிலி கொண்டுவரவில்லை.

கடத்தூர் ஆசிரியை

கே: வாக்கெடுப்பில் வல்லரசுகள் செய்யும் பெரிய தில்லுமுல்லு எது?

ப: கள்ள ஓட்டு என்று நினைப்பீர்கள். அது சில்லறை வேலை. கேள்வித்தாள் தயாரிப்பதில்தான் சூட்சுமம். ஆசிரியை உங்களுக்குத் தெரியாததா? 1961 பிப்ரவரி 11 அன்று பிரிட்டிஷ் கேமரூன் மக்களிடம் கேட்ட கேள்வி: நைஜீரியாவோடு சேர்கிறீர்களா, கேமரூன் குடியரசோடா? மூன்றாவதாக 'தனியே இருக்கிறோம்' என்ற கட்டமே கிடையாது. வடபகுதி நைஜீரியா பக்கம் போனது, தென்பகுதி கேமரூன் பக்கம் போனது. அந்தத் தென்பகுதியில் இன்றும் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது.

விடை பிடிக்காவிட்டால் தண்டனையும் உண்டு. 1958 செப்டம்பரில் டிகால் முன்வைத்த 'பிரெஞ்சு சமூகம்' என்ற கூட்டமைப்பு வேண்டாம் என்று பிரெஞ்சுக் காலனிகளில் கினி மட்டும் வாக்களித்தது. பிரெஞ்சு அதிகாரிகள் கோப்பு, கருவி என்று கையில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

கேள்வியே கேட்காமல் காலம் தள்ளுவது இன்னொரு ரகம். மேற்கு சஹாராவில் வாக்கெடுப்பு நடத்தவென்றே 1991ல் ஐ.நா. குழு போய் இறங்கியது. இன்னும் நடத்தவில்லை.

பொம்மிடி வாசகர்

கே: தெற்கு சூடான் இப்போது நன்றாக இருக்கிறதா?

ப: இல்லை. 2013 டிசம்பரில் தங்களுக்குள் சண்டை. தொப்பிக்காரர்தான் இன்னும் ஜனாதிபதி. பொதுத்தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. 'அதனால் பிரிந்தது தப்பு' என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். கார்ட்டூமும் 2023ல் எரியத் தொடங்கியது.

நாகாவதி அணை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் வாசகர்

கே: நாளைக்கே ஒரு வாக்கெடுப்பு வந்தால் முகாமில் இருக்கும் எங்களுக்கு ஓட்டு உண்டா, ஐயா?

ப: தெற்கு சூடான்காரர்கள் எட்டு வெளிநாடுகளில் இருந்தபடியே வாக்களித்தார்கள். கென்யா, எகிப்து, ஆஸ்திரேலியா, கனடா எல்லாம் அதில் உண்டு. 1987 ஒப்பந்தத்திலும் உங்களைப் போன்றவர்களை மறக்கவில்லை. இனக்கலவரத்தாலோ வேறு காரணத்தாலோ இடம்பெயர்ந்த எல்லோருக்கும் அந்த வாக்கெடுப்பில் ஓட்டுரிமை உண்டு, அவர்கள் ஊர் திரும்ப வழி செய்யப்படும் என்று எழுதியிருக்கிறது. நீங்கள் திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறைக்காரர் என்றால் காகிதத்தில் உங்களுக்கு ஓட்டு இருந்தது. மன்னார், கிளிநொச்சி என்றால் அதுவும் இல்லை. கேட்பதாகச் சொன்னது கிழக்கை மட்டும்தான்.