ஓசிக்காரர்கள் இறங்கிய துறைமுகம்

சிலி நாட்டின் வால்பரைசோவில் சமதரை என்று சொல்லிக்கொள்ள இருப்பது கடலோரமாக ஒரு மெல்லிய கீற்று மட்டும். மிச்ச ஊர் முழுவதும் நாற்பதுக்கும் மேற்பட்ட குன்றுகளில் தொற்றிக்கொண்டிருக்கிறது. மாதக்கணக்கில் நாடு சுற்றுகிறவனுக்குக் கட்டுப்படியாகும் மலிவு விடுதி எப்போதும் உச்சியில்தான் இருக்கும். வாடகையில் மிச்சம் பிடித்ததை முழங்கால் கட்டிவிடும்.

ஏற வழி இல்லாமல் இல்லை. 'அசென்சோர்' என்று ஒன்று, பழனி விஞ்ச் போலக் கம்பியில் இழுபட்டுச் சரிவில் ஊர்கிற பெட்டி. முதலாவது 1883இல் வந்தது. ஒரு காலத்தில் முப்பதை ஒட்டி ஓடினவாம், இப்போது பாதிகூட ஓடவில்லை. நம் குன்றுக்கு உரியது எதுவோ, அது கட்டாயம் பழுதாகியிருக்கும். ஆகவே படிக்கட்டு. மூச்சு வாங்க நிற்கும் திருப்பங்களில் ஊரின் பூர்வ கதையைப் புரட்டினால் ஒரு ஆறுதல் கிடைக்கிறது: இங்கே வந்த பெரிய மனிதர்கள் பலரும் நம்மைவிடக் கேவலமான ஓசிக்காரர்கள்.

1536இல் ஹுவான் தே சாவெத்ரா வந்தார். ஸ்பானியத் தளபதி அல்மாக்ரோவின் படையோடு தங்கம் தேடிச் சிலிக்குள் நுழைந்தவர். தங்கம் அகப்படவில்லை. வந்ததற்கு அடையாளமாக ஸ்பெயினில் இருந்த தன் சொந்த ஊர்ப் பெயரை இந்த விரிகுடாவுக்குச் சூட்டினார். காசு செலவில்லாத காரியம். ஏற்கெனவே இங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

அடுத்தவர் ஆங்கிலக் கடலோடி பிரான்சிஸ் டிரேக், 1578 டிசம்பரில். துறைமுகத்தில் ஒரு ஸ்பானியக் கப்பல் நின்றது. இந்தத் துறைமுகத்தில் அதுவரை ஆங்கிலேயன் தலை தெரிந்ததே இல்லை. வருவது நம்ம ஆட்கள்தான் என்று நினைத்த மாலுமிகள் பறையடித்து வரவேற்று, ஒரு ஜாடி ஒயினையும் எடுத்து வைத்தார்கள். ஏறி வந்த ஆங்கிலேயர்களில் ஒருவன், டாம் மூன் என்று பெயர், முதல் ஆளை ஓங்கி அறைந்து நாயே என்று திட்டிக் கீழே தள்ளினான். விருந்தோம்பலுக்கு இப்படி ஒரு நன்றி! ஒரே ஒரு மாலுமி கடலில் குதித்து நீந்திப் போய் ஊருக்குத் தகவல் சொன்னான். ஊர் என்றால் ஒன்பது வீடு. ஒன்பது வீடும் குன்றேறி ஓடியது. டிரேக்கின் ஆட்கள் கிடங்கிலிருந்த ஒயினை அள்ளினார்கள், சின்னஞ்சிறு கோவிலையும் விடவில்லை: ஒரு வெள்ளிக் கிண்ணம், இரண்டு குப்பி, பீடத்து விரிப்பு. கத்தோலிக்கர் வீட்டுக் களவு, டிரேக்கின் கையால் அவருடைய புராட்டஸ்டண்ட் பாதிரியார் பிளெச்சருக்குப் பரிசாகப் போனது. இங்கிலாந்துக்குத் திரும்பிய டிரேக்குக்கு 1581இல் சர் பட்டம் கொடுத்தார்கள்.

சார்லஸ் டார்வின் இந்த வகையறாவில் நாகரிகமானவர். பீகிள் கப்பலில் அவருக்குச் சம்பளம் கிடையாது, செலவெல்லாம் அப்பா. 1834 ஜூலையில் வால்பரைசோவில் இறங்கியதும் பழைய பள்ளித் தோழர் கோர்ஃபீல்டின் வீட்டைக் கண்டுபிடித்துப் போய்த் தங்கினார். நடுவில் உள்நாட்டுப் பக்கம் சுற்றக் கிளம்பி, வழியில் புளித்த புது ஒயினைக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, திரும்பி வந்து அதே வீட்டில் மாதம் முழுக்கப் படுத்துவிட்டார். பரிணாமக் கொள்கை பின்னால்தான் வந்தது. பிழைக்கும் தந்திரம் அப்போதே கைவசம் இருந்திருக்கிறது.

ஸ்பெயின்காரர்கள் மறுபடி வந்தது பறவை எச்சத்தால். உரச் சந்தையில் அது பொன். 1864இல் பெருவின் சின்ச்சா தீவுகளை எச்சத்தோடு சேர்த்து ஸ்பெயின் பிடித்துக்கொண்டது. பெருவுக்குப் பரிந்த சிலி, ஸ்பானியக் கப்பல்களுக்கு நிலக்கரி கொடுக்க மறுத்தது. அட்மிரல் பரேஹாவுக்கு ரோஷம் வந்தது. மன்னிப்புக் கேட்டு 21 குண்டு முழங்கி எங்கள் கொடிக்கு மரியாதை செய் என்று, 1865 செப்டம்பரில், சிலியின் சுதந்திர நாளை ஒட்டி ஓலை அனுப்பினார். சிலி போரை அறிவித்தது. நவம்பரில் 'எஸ்மெரால்டா' என்ற சிலிக் கப்பல் பிரிட்டிஷ் கொடியைக் கட்டிக்கொண்டு கிட்டே போய், ஸ்பெயினின் 'கோவதோங்கா'வைப் பிடித்துவிட்டது. சேதி கேட்ட பரேஹா தன்னையே சுட்டுக்கொண்டார். அடுத்து வந்த மெந்தெஸ் நூனியெஸ் 1866 மார்ச் 31 அன்று, ஈஸ்டருக்கு முந்தின நாள், வால்பரைசோவைக் குண்டால் துளைத்தார். திருப்பிச் சுடத் துறைமுகத்தில் பீரங்கி இல்லை. பிரிட்டிஷ், அமெரிக்கப் போர்க்கப்பல்கள் நாசூக்காக ஒதுங்கி நின்றன. சுங்கக் கிடங்குகள் எரிந்தன. உள்ளே இருந்த சரக்கில் பெரும்பகுதி வெளிநாட்டு வியாபாரிகளுடையது. 21 குண்டு கேட்டவர்கள், கிடைக்காத கடுப்பில் தாங்களே ஆயிரக்கணக்கில் சுட்டுத் தீர்த்துக்கொண்டார்கள்.

1906இல் நிலநடுக்கம். 1914இல் பனாமா கால்வாய் திறந்ததும் கப்பல்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது குறைந்தது. இடித்துக் கட்டக் காசில்லாமல் நின்ற வீடுகளுக்கு 2003இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டம் கொடுத்தது.

மலிவாக வீடு தேடிய கவிஞர் பாப்லோ நெருடாவை மட்டும் நான் ஓசிக்காரர் பட்டியலில் சேர்க்க மாட்டேன். எல்லாவற்றிலிருந்தும் விலகி இருக்க வேண்டும், ஆனால் வண்டி வசதி பக்கத்தில் வேண்டும், விலையும் குறைவாக வேண்டும் என்று 1959இல் நண்பர்களை வீடு பார்க்கச் சொன்னார். ஒரு ஸ்பானியக் கட்டடக்காரர் முடிக்காமல் செத்துப்போன வீடு அகப்பட்டது. மேலே பறவைக் கூண்டுக்கென்று ஒரு மாடியே ஒதுக்கியிருந்தார் அந்த மகராசன். நண்பர் தம்பதியோடு பங்கு போட்டு வாங்கியதில் மேல்மாடிகள் கவிஞருக்கு வந்தன. பங்கில் தான் ஏமாந்துவிட்டதாகவும், கிடைத்ததெல்லாம் படிக்கட்டும் மொட்டைமாடியும்தான் என்றும் அவர் அலுத்துக்கொண்டாராம். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம், ஏறிப் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டும். ஊரின் மற்ற படிக்கட்டுகள் எல்லாம் இலவசம்.