ஐசிங்குக்குக் கீழே

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் இன்று நடக்கும் கலியாண வீடுகளில் ஐந்து தட்டுக் கேக் நிற்கிறது. மணமக்களின் கத்தி அதில் ஓரிடத்தில் மட்டும்தான் இறங்கும். மற்றதெல்லாம் ரெஜிபோம், அதன்மேல் வெள்ளை ஃபொண்டன்ட், பூ, முத்து. வந்தவர்களுக்குக் கொடுக்கிற துண்டுகள் வேறொரு தட்டில் சுட்டு, வெட்டி, சிறு பெட்டிகளில் அடைத்து வருகின்றன. அந்தத் துண்டைக் கடித்துப் பார்த்தால் பழமும் சீனியும் தெரியும். எங்கள் காலத்தில் கேக்குக்கும் ஐசிங்குக்கும் நடுவில் இருந்த அந்த மஞ்சள் வெண்மையான பட்டை, அல்மண்ட் பேஸ்ட், இருக்காது.

எனக்கு அது பெரிய இழப்பு. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், அது எப்படி உண்டானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கோப்பாயில் சி.எம்.எஸ். மிஷனின் கால் 19 ஆம் நூற்றாண்டிலேயே பதிந்துவிட்டது. தேவாலயம், பள்ளிக்கூடம், ஆசிரியர் பயிற்சி என்று வந்தவர்களோடு கிறிஸ்மஸ் கேக்கும் வந்தது. பிறகு அது வேதக்கார வீடுகளோடு நிற்கவில்லை. சைவ வீட்டுக் கலியாணங்களிலும், முட்டை சேர்ந்த பண்டம் என்று மணவறைப் பக்கம் விடாவிட்டாலும், பின்னேர வரவேற்புக்குக் கேக் வந்து நின்றது. ரவை, பட்டர், முட்டை, பூசணி தோசி, இஞ்சித் தோசி, பிளம்ஸ், கஜு, கராம்பு, ஏலம், தேன், ரோஸ் எசன்ஸ், கொஞ்சம் பிராண்டி: இது எங்கள் ரிச் கேக். அதற்கு மேலே முட்டை வெள்ளைக்கருவில் அடித்த ரோயல் ஐசிங். இரண்டுக்கும் நடுவில் அல்மண்ட் பேஸ்ட் இல்லாவிட்டால், கேக்கின் பட்டரும் பழச்சாறும் ஊறி இரண்டொரு நாளில் வெள்ளை ஐசிங் பழுப்படித்துவிடும். மேடு பள்ளமான கேக்கைச் சமப்படுத்தி, விளிம்பை நிமிர்த்தி, ஐசிங்குக்கு ஒரு தளம் போட்டுக் கொடுப்பதும் அதன் வேலை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்துகொண்டு கண்ணுக்குத் தெரிவதைக் காப்பாற்றுகிறது.

அம்மம்மா அயலில் பலருடைய கலியாணங்களுக்குக் கேக் செய்து கொடுத்தவர். அலுமாரியின் மேல்தட்டில், 1929 இல் முதற்பதிப்புக் கண்ட ஹில்டா டொய்ட்ரம் அம்மையாரின் சிலோன் டெய்லி நியூஸ் சமையற் புத்தகம் முதுகு உரிந்து கிடந்தது. ஆனால் அவர் பார்த்துச் செய்தது தன் கையெழுத்துக் கொப்பியைத்தான். அதில் அல்மண்ட் பேஸ்டுக்கு எழுதியிருந்தது, ஒரு இறாத்தல் கஜு, இரண்டு இறாத்தல் ஐசிங் சீனி, கட்டிப்படுத்த முட்டை வெள்ளைக்கரு, அல்மண்ட் எசன்ஸ் ஒரு தேக்கரண்டி, பன்னீர்.

ஆம், பாதாம் இல்லை. இலங்கை முழுவதும் வீடுகளில் இந்தப் பட்டை பெரும்பாலும் கஜுவில்தான் அரைபட்டது. பாதாம் மரத்துக்குக் குளிர்காலம் வேண்டும். எங்கள் மண்ணில் அது காய்க்காது. பிரேசிலிலிருந்து போர்த்துக்கேயர் கொண்டுவந்த மரமுந்திரிகை மணலிலேயே காய்த்துக் கொட்டும். அவர்கள் கால் வைத்த கரைகள் சிலவற்றில் பாதாம் செய்த வேலையைக் கஜு எடுத்துக்கொண்டது. பாதாமும் சீனியும் சேர்ந்த மார்சிப்பானை, மாசப்பான் என்ற பெயரில், கோவாவில் கிறிஸ்மஸுக்குக் கஜுவில் செய்கிறார்கள். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், தூத்துக்குடி மக்கரூனும் அப்படித்தான்: ஐரோப்பாவில் பாதாமும் வெள்ளைக்கருவும் சேர்ந்த பண்டம், தூத்துக்குடியில் முந்திரிப்பருப்பும் வெள்ளைக்கருவுமாக ஒரு ஊரின் பெயரையே சுமந்து நிற்கிறது. இதைப் போலி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இனிப்பு பாதாமில் நாம் பாதாம் மணம் என்று நினைக்கிற மணம் மிகக் குறைவு. அந்த மணம் கசப்பு பாதாமில் இருந்து வருவது. அதிலுள்ள பென்சால்டிஹைட் என்ற பொருள்தான் எசன்ஸ் போத்தலுக்குள் இருப்பதும். ஐரோப்பியரும் பழைய நாட்களில் இனிப்பு பாதாமோடு சில கசப்பு பாதாம்களைச் சேர்த்தே அரைத்தார்கள். கசப்பு பாதாமில் சயனைட் நஞ்சும் உண்டாகும் என்பதால் அளவு மீறினால் ஆபத்து. எசன்ஸ் துளிக்கு அந்தப் பயம் இல்லை.

கஜுவை அரைப்பதில்தான் முழு வித்தையும் இருந்தது. கலியாணத்துக்குப் பல நாள் முன்பே பருப்பைத் துணியால் துடைத்து, சுளகில் பரப்பி, இளவெயிலில் காயவிடுவார். ஈரம் இருந்தால் பேஸ்ட் புளிக்கும். கடும் வெயிலில் வைத்தால் எண்ணெய் கிளம்பும். சீனியை இடித்து மெல்லிய துணியில் அரிப்பது சிறுசுகளின் வேலை. மேசை விளிம்பில் பூட்டிக் கையால் சுற்றுகிற மின்சரில் கஜுவை முதலில் ஒருமுறை விடுவார். பிறகு அம்மி. மிளகாய் அரைக்கிற அம்மி என்பதால் முதல்நாளே அதில் பச்சையரிசியை மறுபடி மறுபடி அரைத்து வழித்து, காரம் போக்கி, கழுவி நிமிர்த்தி வைத்திருப்பார்.

“பிள்ளை, ஒரே இழுவையா இழுக்காத. கஜு எண்ணெய் கக்கினா களியாப் போடும். சீனியைத் தூவித் தூவி அரை.”

சின்னம்மா குழவியைப் பிடித்திருக்க, அம்மம்மா பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டேயிருப்பார். இதன் காரணத்தைப் பிற்காலத்தில்தான் படித்து அறிந்தேன். கஜுவின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு கொழுப்பு. பாதாமில் ஏறக்குறையப் பாதி. உராய்வில் சூடேறினால் அந்தக் கொழுப்பு பிரிந்து வெளியே வரும். வந்தபின் எவ்வளவு சீனி போட்டாலும் பேஸ்ட் பழைய நிலைக்குத் திரும்பாது. சீனித்தூள் இடையில் கிடந்தால் எண்ணெயைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். கஜுவில் மாச்சத்து அதிகம், அதனால் பேஸ்ட் மென்மையாகவும் சற்று ஒட்டலாகவும் வரும். வெள்ளைக்கருவைப் பார்த்துப் பார்த்துத்தான் விடவேண்டும். இவை எவையும் அம்மம்மாவின் கொப்பியில் இல்லை. அவருடைய விரல் நுனிக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் ஒரு உருண்டை பிடித்து உள்ளங்கையில் அழுத்துவார். கொழுக்கட்டை மாப் பதத்தில், விளிம்பு வெடிக்காமல், கையில் ஒட்டாமல் வந்தால் தலையாட்டுவார்.

கேக்கின் மேல் அன்னாசி ஜாமைச் சூடாக்கிப் பூசி, உருட்டிய பேஸ்டை அதில் ஒட்டி, ஓரிரு நாள் காற்றாட விட்ட பிறகுதான் ஐசிங். மிஞ்சிய பேஸ்ட் எங்களுக்கு. சும்மா கொடுக்க மாட்டார். நீர்வேலி வாழைப்பழமாக, மாம்பழமாக உருட்டி, மஞ்சள் நிறம் தடவி, காம்புக்கு ஒரு கராம்பு குத்திக் கொடுப்பார்.

1970 இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ அரசு உணவுப்பொருள் இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. கப்பலில் வந்தவை கடைகளில் அருகின. அதே கட்டுப்பாடுதான் எங்கள் செம்மண்ணுக்கு நல்ல காலத்தையும் கொண்டுவந்தது. வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராததால் கோப்பாய், உரும்பிராய், நீர்வேலித் தோட்டக்காரருக்கு விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்தது. வெங்காயம் விற்ற காசில் பிள்ளையைக் கலியாணம் கட்டிக் கொடுத்த வீடுகள், முன்னர் கேக் நினைத்துப் பார்த்திராத வீடுகள், அம்மம்மாவிடம் வந்தன. சாமான் தட்டுப்பாடான காலத்தில் கேக்கின் தட்டுகள் கூடின என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நான் நேரில் கண்டது 1990 க்குப் பின்னரான காலம். அந்த ஆண்டு ஜூனில் மறுபடி போர் தொடங்கியது. ரயில் நின்றது, மின்சாரம் நின்றது, எரிபொருளுக்கும் பற்றரிக்கும் சீமெந்துக்கும் தடை. ஆனாலும் கலியாணங்கள் நடந்தன. கேக் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். மின்சார அடுப்பு மூலையில் கிடக்க, பெரிய தாச்சியில் மணல் பரப்பிக் கேக் தட்டை இறக்கி, மூடியின் மேலும் சிரட்டைக் கரி போட்டுச் சுட்டார்கள். பெரிய கேக் என்றால் பேக்கரிப் போறணைக்குப் போகும்; பாண் எடுத்த பிறகு தணிகிற வெக்கையில் அது வெந்தது. ஐசிங் சீனிக்கு உரலும் உலக்கையும். கஜு, கிளாலிக் கடலைப் படகில் இரவில் கடந்து வன்னியிலிருந்து வந்தவர்களின் பையில் வந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்த கடல் அது. அந்தப் பையில் மருந்துக்கும் உடுப்புக்கும் நடுவில் ஒரு கஜுப் பொட்டலத்துக்கும் இடம் வைத்தவர்களை நினைத்தால் இன்றும் என் மனம் இளகும்.

கஜு போதாமல் போனபோது, கோயில் வளவில் நின்ற நாட்டு வாதுமை மரத்தடியில் விழுந்த காய்களைப் பொறுக்கிக் காயவைத்து, கல்லில் உடைத்துப் பருப்பு எடுத்தோம். ஒரு சாக்குக் காய்க்கு ஒரு பேணி நிறையப் பருப்புக்கூடக் கிடைக்காது. அதையும் தோல் நீக்கி, கஜுவோடு கலந்து அரைத்தார். நாட்டு வாதுமைக்கும் பாதாமுக்கும் உறவு கிடையாது. இரண்டும் வேறு வேறு குடும்பத்து மரங்கள். ஆனால் பருப்பின் சுவை நெருங்கியது. நான் சாப்பிட்டதில் மிகச் சிறந்த அல்மண்ட் பேஸ்ட் அந்த ஆண்டுகளில் செய்ததுதான்.

“ஆர் பாக்கப்போகினம், அம்மா? ஐசிங் போட்டா மூடிப்போடும்தானே. விடுங்கோ,” என்று சின்னம்மா ஒருநாள் களைத்துப்போய்ச் சொன்னார்.

“வெட்டேக்க தெரியும்,” என்றார் அம்மம்மா.

போர் நெருங்கிவர, 1995 ஒக்டோபர் 30 இல் கோப்பாயும் சேர்ந்த வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது எங்கள் குசினிக் கூரை இல்லை. அம்மி இருந்தது.

இப்போது எல்லாம் இருக்கிறது. ஏ-9 வீதி திறந்திருக்கிறது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. பட்டணத்துப் பெரிய கடைகளில் தோலுரித்த பாதாமும் பாதாம் மாவும் பைக்கற்றில் கிடைக்கின்றன. வீட்டுக்கு வீடு மிக்ஸி. வீட்டிலேயே கேக் செய்து விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்கள் வலிகாமம் எங்கும் இருக்கிறார்கள். அவர்களின் கைவேலையை நான் மதிக்கிறேன். பூ இதழ்களை அவர்கள் செய்கிற நேர்த்தி அம்மம்மாவுக்கு வந்திராது. ஆனால் பேஸ்ட் போடுகிறீர்களா என்று கேட்டால், “அதுக்கு ஆர் அன்ரி காசு குடுக்கினம்?” என்கிறார்கள். கேள்வி நியாயமானது. கஜுவின் விலையும் பாதாமின் விலையும் ஏறிக்கிடக்கின்றன. படத்தில் தெரியாத பொருளுக்கு வாடிக்கையாளர் பணம் தருவதில்லை. 2022 நெருக்கடியில் சமையல் வாயுவும் பட்டரும் கிடைக்காமல், மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை போனபோது, இந்தப் பிள்ளைகளில் பலர் தொழிலையே நிறுத்த வேண்டி வந்தது. குற்றம் அவர்களிடம் இல்லை. கேட்பவர்கள் நாங்கள், நாங்கள் கேட்பது உயரத்தை.

ஜேர்மனியில் இருக்கும் என் மச்சாள் இதைக் கேட்டு வருத்தப்பட்டார். அங்கே மார்சிப்பானின் மூலப்பேஸ்டில் சேர்க்கும் சீனி 35 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரையறையே இருக்கிறது. பாதாமுக்குப் பதிலாக அப்ரிக்கொட் விதையில் செய்தால் அதை மார்சிப்பான் என்று விற்க முடியாது. பெர்சிப்பான் என்று சொல்லித்தான் விற்கவேண்டும். லூபெக் நகரத்து மார்சிப்பானுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு உண்டு. உள்ளே இருப்பது என்ன என்று ஒரு நாடு இவ்வளவு அக்கறை எடுக்கிறது. எங்களுக்குச் சட்டம் வேண்டாம், அக்கறை வந்தால் போதும்.

செய்வது கடினமும் அல்ல. கால் கிலோ பாதாமைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, பச்சைத் தண்ணீருக்கு மாற்றி, விரலால் அழுத்தினால் தோல் கழன்றுவிடும். நன்றாக உலர்த்துங்கள், முதல்நாளே செய்தால் நல்லது. மிக்ஸியை ஓடவிட்டு நிற்காமல், விட்டு விட்டுச் சுற்றுங்கள். பாதி அரைபட்டதும் கால் கிலோ ஐசிங் சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மாவாக்குங்கள். பிறகு ஒரு முட்டையின் வெள்ளைக்கருவைச் சிறிது சிறிதாக விட்டு, எசன்ஸ் சில துளி, பன்னீர் ஒரு தேக்கரண்டி சேர்த்துக் கையால் பிசையுங்கள். இறுகினால் மட்டும் இன்னும் சிறிது வெள்ளைக்கரு. கஜு என்றால் தோலுரிக்கிற வேலை இல்லை. வெள்ளைக்கருவும் குறைவாகப் போதும். பச்சை முட்டை வேண்டாதவர்கள் கெட்டியான சீனிப்பாகை ஆறவிட்டுச் சேர்க்கலாம். காற்றுப் புகாமல் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள்; முட்டை சேர்த்ததை ஒரு கிழமைக்குள் முடித்துவிடுங்கள். கேக்குக்குத்தான் என்றில்லை. பேரீச்சம்பழத்தின் கொட்டையை எடுத்துவிட்டு உள்ளே அடைக்கலாம், பணிஸ் மாவுக்குள் வைத்துச் சுடலாம், பிள்ளைகளுக்கு வாழைப்பழமும் மாம்பழமும் உருட்டிக் கொடுக்கலாம்.

உங்கள் வீட்டுக் கலியாணத்துக்குக் கேக் ஓடர் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், தட்டுகளில் இரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காசில் அல்மண்ட் பேஸ்ட் போடச் சொல்லுங்கள். அரைக்கிற கூலியையும் பேரம் பேசாமல் கொடுங்கள். ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள், பருப்புக் காய வேண்டும்.