தகடூர்ப் பழம்பதிப்பியல்: ஒரு முன்னாய்வு

புதிய மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கி, அதைப் பழைய பதிப்பாக்க அரைநாள் மெனக்கெடும் வழக்கத்துக்குப் ‘பழம்பதிப்பியல்’ என்று பெயரிடுகிறேன். ஆய்வுக்களம், பழைய தகடூரான தருமபுரியின் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு டிடிபி கடை. ஆய்வுக்கருவி, பிளாஸ்டிக் ஸ்டூல். இரண்டு டீ என் சொந்தச் செலவு.

ஆய்வுக்கு உட்பட்ட கடைக்கார அண்ணன் வேர்ட் 2003-இல் கை பழகியவர். மெனுக்களைக் கழற்றிவிட்டு ரிப்பன் கட்டிக்கொண்டு 2007 பதிப்பு வந்து இறங்கியபோது, அதைப் போட வந்த பையனிடம் சொன்னாராம்: “புதுசே போடு தம்பி. ஆனா பழசு மாதிரியே இருக்கணும்.” இதில் முரண் இருப்பதாக இருவருக்குமே தோன்றவில்லை. காலிப்ரி 11 போய் டைம்ஸ் நியூ ரோமன் 12 வந்தது. பத்திக்குப் பத்தி விழுந்த இடைவெளி பூஜ்யமானது. எந்தக் கோப்பும் 97–2003 வடிவில்தான் சேமிக்கப்பட வேண்டும் என்று கட்டளையும் ஆயிற்று. மைக்ரோசாஃப்டும் லேசுப்பட்டதில்லை, மெனு போன பிறகும் ஆல்ட், ஈ, எஸ் என்று வரிசையாகத் தட்டினால் ‘பேஸ்ட் ஸ்பெஷல்’ திறக்கும். வாசற்படியை இடித்த பிறகும் அந்த இடத்தில் கால் தானாக உயர்கிறதல்லவா, அதைப்போல.

வெளிநாட்டு ஒப்பீடு இல்லாவிட்டால் ஆய்வேடு செல்லாது. பில் ஜாய் 1976-இல் எழுதிய விஐ எடிட்டரை மேம்படுத்தி, பிராம் மூலெனார் 1991-இல் விம்மை வெளியிட்டார். விம்மில் செய்த பிழைகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி அழித்துக்கொண்டே போகலாம். அதில் ‘செட் கம்பேட்டிபிள்’ என்று ஒரு கட்டளை உண்டு. கொடுத்தால் விஐ காலத்துக்கே திரும்பிவிடும். அப்போது அழித்தல் ஒரே படிதான், மறுபடி அழுத்தினால் அழித்ததே திரும்பி வரும். வேண்டுமென்றே இதைப் போட்டுக்கொள்பவர் நிச்சயம் அண்ணனுக்குத் தூரத்துச் சொந்தம்.

ஆனால் நோயின் மூலம் திரையில் இல்லை, விரலில் இருக்கிறது. அண்ணன் தட்டச்சு ஹையர் பாஸ். ‘கொ’ அடிக்க அவர் விரல் முதலில் கொம்பைத் தட்டும், பிறகு ககரம், கடைசியில் கால். யூனிகோடுக்கோ ககரம்தான் முதலில் வேண்டும். 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும் அப்படியே. ஆகவே அண்ணனுக்காக மென்பொருள் கொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, எழுத்து வரும்வரை வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது.

எழுத்துரு விஷயத்தில் மண்வாசனையும் சேர்கிறது. அரசு அலுவலகங்களில் வெகுகாலம் கோலோச்சியது ‘வானவில் ஔவையார்’. 2010-இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்த பிறகும் அண்ணன் கணினியில் ஔவையார்தான். சாவைத் தள்ளிப்போடும் நெல்லிக்கனியை அதியமான் ஔவைக்குக் கொடுத்தது இந்தத் தகடூரில்தானே, பலிக்காமல் போகுமா?

நான் ஸ்டூலில் இருந்தபோதே பென்னாகரத்திலிருந்து ஒரு பெண் வந்தார். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கான மனுவைப் போனிலேயே யூனிகோடில் அடித்து அனுப்பியிருந்தார். அண்ணன் முழுவதையும் தேர்ந்தெடுத்து ஔவையாருக்கு மாற்றினார். ஓர் எழுத்தும் அசையவில்லை.

“அப்படியே பிரிண்ட் எடுத்தா போதும்ணா.”

“இருங்கம்மா, ரெண்டு பக்கம்தானே” என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, புதுப் பக்கம் திறந்து, கொம்பைத் தட்டினார்: பெறுநர்.