மூன்று நிமிஷ மகாராஜா

பெங்களூரில் ஒருவர் "ஒந்து நிமிஷ" என்று சொன்னால், சொன்னவருக்கும் கேட்டவருக்கும் அது ஒரு மங்கலச் சொல் என்பதற்குமேல் அர்த்தம் கிடையாது. ஆட்டோக்காரர் தொலைபேசியில் "ஐதே நிமிஷ, சார்" என்றால் நாம் சாவகாசமாக ஸ்நானம் செய்துவிட்டு வரலாம். சில்க் போர்டு சந்திப்பில் வண்டியோடு நிற்கிறவனோ, நதிக்கரையில் தவமிருந்த பழைய ரிஷிகளைப்போலக் காலம் என்கிற பிரக்ஞையையே துறந்தவனாகிவிடுகிறான். இப்பேர்ப்பட்ட நகரத்தில், நிமிஷம் என்ற சொல்லை அறுபது வினாடி என்கிற அதன் சாஸ்திரோக்தமான பொருளிலேயே வழங்குகிற மனிதர், எனக்குத் தெரிந்தவரையில், அல்சூர் ஏரிக்குப் பின்புறத்துச் சந்தொன்றில் வசிக்கும் என் நண்பர் ஒருவர்தான். அவர் இணையத்தில் மின்னல் வேகச் சதுரங்கம் ஆடுகிறவர்.

அவருடைய பெயர் நமக்கு வேண்டியதில்லை. கழுத்தில் அலுவலக அடையாள அட்டையும், வலது கட்டைவிரலில் ஒரு நிரந்தர வலியும், கண்ணுக்குக் கீழே கருவளையமுமாக, மெட்ரோ வண்டியின் கதவோரத்தில் சாய்ந்து நின்றுகொண்டு, கைப்பேசியைப் பார்த்துத் திடீரென்று "ஐயையோ" என்று முனகுகிற நடுவயது மனிதரைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நிற்பவர்கள் ஏதோ துக்கச் செய்தி வந்திருக்கிறதென்று எண்ணி இரக்கத்தோடு விலகி இடம் விடுவார்கள். துக்கச் செய்திதான், அவருடைய ராணி போய்விட்டது.

மற்றவர்கள் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கிறார்கள். நண்பர் தோல்வியில் அளக்கிறார். அல்சூரில் ஏறினால் இந்திராநகர் வருவதற்குள் ஒரு தோல்வி, பையப்பனஹள்ளிக்குள் இன்னொன்று. ஒயிட்ஃபீல்டு பக்கத்திலுள்ள தம்முடைய அலுவலகத்தை அடைவதற்குள், பிரேசில், துருக்கி, இந்தோனேசியா முதலிய பல தேசங்களிடம் தனித்தனியே மண்ணைக் கவ்வியிருப்பார். ஒருநாள் மட்டும், எதிரியின் யானை ஒன்றைச் சுத்தமாக வெட்டி, வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தபோது இறங்கவேண்டிய நிலையம் வந்துவிட்டது. அவர் இறங்கவில்லை. பாதை முடிகிற காடுகோடி வரைக்கும் போய், அங்கேயே அந்த ஆட்டத்தைத் தோற்று, எதிர்ப்புற வண்டியில் ஏறித் திரும்பி வந்தார். வரும் வழியில் மேலும் இரண்டு.

அறியாதவர்களுக்காக இந்த ஆட்டத்தின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு மூன்று நிமிஷம். அதாவது 180 வினாடி. ஓர் ஆட்டம் நாற்பது நகர்த்தல் வரை போவதானால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது நாலரை வினாடி. கல்யாண வீட்டுப் பந்தியில் "ரசமா, மோரா?" என்று கேட்கிறவருக்கு நாம் இதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறோம். ஆளுக்கு ஒரே நிமிஷம் என்ற இன்னொரு தினுசும் உண்டு. அதற்குப் புல்லட் என்று பெயர். ஆடுகிறவன் எந்தப் பக்கத்திலிருந்து சுடப்படுகிறான் என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை.

இதிலே "ப்ரீமூவ்" என்று ஒரு விசித்திரமான சௌகரியம் இருக்கிறது. எதிராளி என்ன செய்யப்போகிறான் என்று நாமே அனுமானித்துக்கொண்டு, அவன் காயைத் தொடுவதற்கு முன்னாலேயே நம்முடைய பதிலைப் பதிந்து வைத்துவிடலாம். அனுமானம் பலித்தால் நமக்கு வினாடி மிச்சம். பலிக்காவிட்டால், நம் ராணி அழைப்பில்லாத விருந்தாளியைப்போல எதிரியின் சிப்பாய்க்கு முன்னால் போய் நிற்பாள். நண்பர் இந்த வித்தையில் தேர்ந்தவர். தேர்ச்சி முற்றி, அது பலகையை விட்டு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அவருடைய மனைவி ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தவுடனேயே "சரிம்மா" என்று சொல்லிவிடுகிறார். இவ்விதமாக, மைத்துனருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதற்கும், கோடை விடுமுறை முழுவதும் மாமியார் வீட்டில் கழிப்பதற்கும், வாக்கியம் முடிவதற்கு முன்பே அவர் சம்மதித்திருக்கிறார். இவற்றை வாபஸ் வாங்குவதற்கு விதிகளில் இடமில்லை.

அவர் ஆடுகிற தளம் லிசெஸ். 2010-ல் ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கிய, விளம்பரமும் கட்டணமும் இல்லாத தர்மசத்திரம் அது. ஆகவே பணம் போயிற்றே என்று மனைவி குறை சொல்வதற்கும் வழியில்லை. அங்கே வந்து சேர்கிற எவருக்கும் 1500 என்று ஒரு ரேட்டிங் கொடுத்துத்தான் உட்கார வைக்கிறார்கள். ஆறு வருஷ காலம் இரவு பகலாக உழைத்து, சுமார் பதினோராயிரம் ஆட்டங்கள் ஆடி, நண்பர் அதை 1494 ஆக்கியிருக்கிறார். நடுவில் ஒரு தீபாவளி வாரத்தில் 1612 வரை ஏறினாராம். அந்தப் பக்கத்தை அவர் படமெடுத்து, குழந்தைகளின் புகைப்படங்களோடு பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்.

அவருடைய தோல்விகளில் எதுவும் அவரால் நேர்ந்ததல்ல. விரல் வழுக்கிற்று, வைஃபை போயிற்று, காலிங் பெல் அடித்தது. இவை மூன்றும் பொருந்தாத இடத்தில், எதிராளி கணினியைப் பார்த்து ஆடினான் என்பது தீர்ப்பு. "நம்ம ஊரிலேயே நடக்கவில்லையா?" என்று அவர் உடனே சாட்சியத்துக்குப் போய்விடுவார். நடந்ததுதான். 2021 ஜூனில் கொரோனா நிவாரண நிதிக்காக விசுவநாதன் ஆனந்த் பிரமுகர்கள் பலரோடு இணையத்தில் ஆடியபோது, பெங்களூர்த் தொழிலதிபர் நிகில் காமத்திடம் தோற்றார். உலகம் மூக்கில் விரலை வைத்தது. கணினியின் உதவி தமக்கு இருந்ததென்று மறுநாளே காமத் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். ஆனால், ஐந்து முறை உலக சாம்பியனான ஒருவரைத் தோற்கடிக்கக் கணினி தேவைப்பட்டது என்பதிலிருந்து, என் நண்பரைத் தோற்கடிக்கவும் அது தேவைப்படும் என்று எப்படி ஏற்படுகிறது என்பதுதான் எனக்கு விளங்காத தர்க்கம்.

ஆனந்தின் பெயரை அவர் வேறொரு காரியத்துக்கும் உபயோகிக்கிறார். சென்னையில் சோவியத் கலாசார மையத்திலிருந்த தால் சதுரங்கக் கழகத்தில், தோற்றவன் எழுந்து இடம் விட வேண்டும் என்ற நியமத்தோடு பையன்கள் மின்னல் ஆட்டம் ஆடுவார்களாம். எழுந்திருக்க மனமில்லாமலே சிறுவன் ஆனந்த் ஜெயிக்கக் கற்றுக்கொண்டான். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானான். 2017-ல், 48-ஆம் வயதில், ரியாத்தில் உலக ரேபிட் பட்டத்தையும் வென்றார். "எனக்கு நாற்பத்து மூன்றுதான் ஆகிறது, ஸார்" என்று நண்பர் இந்தச் சரித்திரத்தை முடிப்பார். ஆனந்த் வேகமாக யோசித்தார், நீர் வேகமாக யோசிக்காமல் இருக்கிறீர் என்று சொல்ல நா எழுந்தது. சிநேகத்தை முன்னிட்டு விட்டுவிட்டேன். தவிரவும், தால் கழகத்தில் தோற்றவன் எழுந்திருக்க வேண்டியிருந்தது. இவரை எழுப்ப யாரும் இல்லை என்பதல்லவா உபத்திரவம்!

"இதுதான் கடைசி ஆட்டம்" என்பது இரவு பதினோரு மணிக்கு அவர் செய்கிற பிரதிக்ஞை. தோற்றால், தோல்வியோடு படுக்கக்கூடாது என்று இன்னொன்று. ஜெயித்தால், அதிர்ஷ்ட தேவதை வாசலில் நிற்கும்போது கதவைச் சாத்தக்கூடாது என்று இன்னொன்று. விடியற்காலையில் கைப்பேசியிலிருந்து செயலியை அழித்துவிட்டு வைராக்கிய சீலராக எழுந்திருப்பார். பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிற வரிசையில் இதுவும் சேரும். இதன் ஆயுள் முதல் காப்பி வரைக்கும். ஒரு சனிக்கிழமை காலை, "என்னங்க, அடுப்பிலே பால் வெச்சிருக்கேன், ஒரு நிமிஷம் பார்த்துக்குங்க" என்று அம்மையார் சொல்லிவிட்டுப் போக, அந்த ஒரு நிமிஷத்துக்குள் ஓர் ஆட்டம் அடங்கும் என்று இவர் கணக்குப் போட்டார். கணக்கு சரிதான். ஆட்டமும் முடிந்தது, பாலும் முடிந்தது.

இவ்வளவு தூரம் கேலி செய்துவிட்டு, ஒன்றைச் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. அந்தத் தளத்தில், எதிராளிக்குப் பதினைந்து வினாடியைத் தானமாகக் கொடுக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதை யாரும் தொட்டு நண்பர் பார்த்ததில்லை. ஒருநாள் மழையில் வைஃபை விக்கித்து நிற்க, கடிகாரத்தில் ஐந்து வினாடியே மிஞ்சியிருந்தபோது, பிரேசில் கொடி போட்டிருந்த, முகமறியாத எவரோ ஒருவர் பதினைந்து வினாடியை இவருக்கு அளித்தார். இணைப்பு திரும்பிவந்தது, அந்தப் பதினைந்து வினாடியைக்கொண்டே இவர் அவரை ஜெயித்தும்விட்டார். அன்றிரவு என்னிடம் இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. "ஆயுசுலேர்ந்து எடுத்துக் கொடுத்த மாதிரி, ஸார். நான் அவனைத் தோற்கடிச்சிட்டேனே" என்றார். நன்றி சொல்வதற்கு அவர் தேடுவதற்குள் அந்த மனிதர் வேறொருவரோடு ஆடப் போய்விட்டாராம். அன்று முதல் தாமும் அந்தப் பொத்தானை அழுத்துகிறார். அவருடைய 1494-க்கு அதுவும் ஒரு காரணம். மெய்யான காரணம் அது ஒன்றுதானோ என்னவோ.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அவருடைய தகப்பனாரும் அவரும் மரப்பலகையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் நீடாமங்கலத்துப் பக்கத்துக்காரர். தூரவாணிநகர் தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்குப் பக்கத்திலுள்ள பூவனூரில் சுவாமிக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். ராஜகுமாரியோடு சதுரங்கம் ஆடி ஜெயித்து, அவளை விவாகம் செய்துகொண்டவர். "பரமேசுவரனே நிதானமா உட்கார்ந்துதாண்டா ஆடினார்" என்று சொல்லிக்கொண்டே, பெரியவர் ஒரு குதிரையைப் பார்த்தார். இருபது நிமிஷம் பார்த்தார். லண்டன் போட்டியில் 1883-ல் கடிகாரம் வந்த செய்தி அவரை இன்னும் எட்டவில்லை. வாசலில் கீரைக்காரி வந்து பேரம் முடிந்து போனாள். நான் பேப்பர் படித்தேன். விளையாட்டுப் பக்கத்தில், 2024-ல் பதினெட்டு வயதில் உலக சாம்பியனான குகேஷின் படம் வந்திருந்தது. அதையும் மடித்து வைத்தேன். நண்பரோ தலையைக் குனிந்து, பலகையின் மேல் மிகுந்த பக்தியோடு இருப்பவர்போலக் காணப்பட்டார். மேஜைக்கு அடியில் அவருடைய வலது கட்டைவிரல் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

கடைசியாகப் பெரியவர் குதிரையை எடுத்து ஒரு கட்டத்தில் மெள்ள வைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அவ்வளவுதாண்டா. ராஜாவுக்கு வழியில்லே, தோத்துட்டே" என்றார்.

நண்பர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"எதிலேப்பா?"