பாரிமுனைப் படத்தின் பிராயம்

கேள்வி: பாட்டனாரின் பெட்டியில் கிடைத்த இந்தப் புகைப்படத்தின் பின்னால் 'பாரிமுனை' என்று மட்டும் எழுதியிருக்கிறது. வருஷத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பேஷாக முடியும். மூலையில் கம்பீரமாக நிற்கும் டேர் ஹவுஸ் 1940-ல் கட்டி முடிக்கப்பட்டதாகையால், அதற்கு முந்திய காலத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. வெறும் தண்டவாளம் மட்டும் தெரிந்திருந்தால், போக்குவரத்து நின்ற பிறகும் அது தெருவில் கிடக்கக்கூடுமென்று சந்தேகப்பட்டிருப்பேன். இங்கேயோ, படிக்கட்டில் ஒருவர் தொற்றிக்கொண்டு நிற்க, டிராம் வண்டியே பிரத்தியட்சமாக இருக்கிறது. 1895-ல் ஓடத் தொடங்கிய சென்னை டிராம் 1953 ஏப்ரலில் நின்றுபோயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இடப்பக்கத்துச் சுவரில் 'பராசக்தி' சுவரொட்டி தெரிகிறது. அந்தப் படம் வெளிவந்தது 1952 தீபாவளிக்கு. ஆகவே, அந்தத் தீபாவளியை ஒட்டிய நாட்களுக்கும் 1953 ஏப்ரலுக்கும் நடுவே உள்ள அரை வருஷத்துக்குள் உங்கள் படம் வசமாக அகப்பட்டுக்கொண்டது!

கேள்வி: எடுத்த வேளை காலையா, மாலையா?
– அதே வாசகர்

பதில்: தெரு கிழக்கு மேற்காகப் போகிறது, தெற்கே ஹைகோர்ட்டு, கிழக்கே கடல். மனிதர்களின் நிழல்கள் கடற்கரைப் பக்கமாக நீண்டு, சற்று வடக்கே சாய்ந்தும் விழுந்திருப்பதால், வேளை மாலை. சூரியன் தெற்கே சஞ்சரிக்கும் மாதங்கள் என்பதும் அதிலிருந்தே விளங்குவதால், சுவரொட்டி சொன்ன சாட்சியத்தை நிழலும் ஆமோதித்துவிடுகிறது.

கேள்வி: இதற்கு வர்ணம் ஏற்றித் தருவதாக ஸ்டூடியோக்காரர் சொல்கிறார். சம்மதிக்கலாமா?
– அதே வாசகர்

பதில்: கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாக விழுவது சகஜமாகையால், நடைபாதையில் கூடையுடன் நிற்கும் அந்த அம்மாள் உடுத்தியிருப்பது அரக்குச் சேலையா, கிளிப்பச்சையா என்று எந்த ஸ்டூடியோக்காரராலும் நிச்சயித்துச் சொல்ல இயலாது, அவர் ஏற்றும் வர்ணம் அவருடைய அபிப்பிராயமே தவிர, அன்றைய பாரிமுனை அல்ல. ஆசையிருந்தால் பிரதியில் ஏற்றிக்கொள்ளுங்கள். மூலப் படத்தைத் தொடவேண்டாம்.

கட்டிடத்துக்கும் டிராமுக்கும் சரித்திரத்தில் வருஷம் எழுதியிருக்கிறது. படிக்கட்டில் தொற்றி நிற்பவர் யாரென்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆகையால், வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே படத்தைக் காட்டி விசாரித்து, அவர்கள் சொல்லும் பெயர்களைப் பென்சிலால், அழுத்தாமல், பின்புறத்தில் இன்றைக்கே எழுதி வையுங்கள்.